கதைப் பயிர்

கதை எழுத வேண்டும் என்ற ஆசை நம் குடும்பங்களில் நன்றாகப் பரவியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுகிறான். அவனுடைய தாயார் அடுப்பங்கரை வேலை ஓய்ந்த பிற்பாடு எழுதுகிறார். பென்ஷன் வாங்கும் தாத்தாவும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத உட்காருகிறார். மகிழ்ச்சிக்குரிய விஷயந்தான். ஆனால் உபாத்தியாயர் என்ற முறையில் நம்மிடம் வந்து சேரும் கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்கும்போது இரண்டு விதமான கதைகளே அதிகமாகத் தென்படுகின்றன. ஒன்று, நாலாம் பக்கத்தில் நின்றுபோன கதை. "ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றால், "அப்புறம் என்ன நடக்கிறது என்று தோன்றவில்லை" என்று விடை வரும். மற்றொன்று, முடிவு வரையில் ஓடி, அங்கே கதாநாயகனை லாரியில் அடிபடச் செய்யும் கதை. அல்லது அதுவரையில் பெயர் கூடச் சொல்லப்படாத மாமா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பணத்துடன் வந்து இறங்கும் கதை.

இவ்விரண்டும் வெவ்வேறு வியாதிகள் போலத் தோன்றினாலும் மூலம் ஒன்றே. விதைக்கும்போது அறுவடையைப் பற்றி எண்ணாமல் விதைத்ததுதான் அது. ஆகவே, கதையின் நிகழ்ச்சிகளை முன்கூட்டி அமைத்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றி இந்த வாரம் சிறிது ஆராயலாம் என்று கருதுகிறோம்.

"கதைக்குத் திட்டமா? கற்பனை என்பது தானாகப் பெருகும் ஊற்று அல்லவா? அதற்கு முன்னாலேயே கரை போட்டுவிட்டால் வற்றிப் போகாதோ?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. மேல்நாட்டிலும் இந்த வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. அமெரிக்க ஆசிரியர் எட்கார் ஆலன் போ 1846-ல் எழுதிய ஒரு வியாஸத்தில், முடிவைக் கண் முன்னே நிறுத்திக்கொண்டுதான் பேனாவைத் தொட வேண்டும் என்று வாதித்தார். ஆங்கில நாவலாசிரியர் டிராலப்போ, 1883-ல் வெளிவந்த தம் சுயசரிதையில், நாவல் எழுத உட்காரும்போது அது எப்படி முடியும் என்று தமக்குத் தெரியாது, அதைப் பற்றி அதிகக் கவலையும் இல்லை என்று கூசாமல் சொல்லிவிட்டார். இந்த இருவருக்கும் நடுவே நின்றவர் சார்லஸ் டிக்கன்ஸ். மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்த நாவல்களுக்கு அவர் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் வைத்துக்கொண்டார். தாளின் வலப் பக்கத்தில் அத்தியாயங்களின் குறிப்பு. இடப் பக்கத்தில் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள்: இந்தப் பாத்திரத்தை இப்போது கொண்டு வரலாமா? அந்த ரகசியத்தை வெளியிடலாமா? அவற்றுக்கு எதிரே 'ஆம்', 'வேண்டாம்', 'இப்போது இல்லை' என்று அவரே எழுதிய விடைகள். அந்தத் தாள்கள் பல இன்றும் லண்டனில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கற்பனையில் குறைந்தவர் டிக்கன்ஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே, திட்டம் ஊற்றை அடைப்பதில்லை. ஊற்றுநீரைப் பாத்திக்குக் கொண்டு சேர்க்கிறது என்றே நாம் கொள்ளலாம்.

ஆனால் இதற்காக நாம் லண்டன் வரையில் போக வேண்டிய அவசியமே இல்லை. கன்னிவாடி மலையடிவாரத்தில் ஏரும் வரப்புமாக வாழும் நமக்கு நன்கு புரியக்கூடிய உபமானம் ஒன்று நம் பழைய உரைநூலிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதையில் நாடகத்தின் உறுப்புகளைக் கூறுமிடத்தில், கதை செல்லும் நிலைகள் ஐந்து என்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுது பண்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து உள்ளே பொருள் பொதிந்து சூல் கொள்வது கருப்பம். கதிர் விரிந்து முற்றித் தலை சாய்வது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892-ல் அச்சேற்றித் தந்த அந்த உரையைப் படிக்கும்போது, கதையமைப்பு என்பது புதிதாக இறக்குமதியான சரக்கு என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்கிவிடும்.

இந்த உபமானத்தில் கவனிக்க வேண்டியது, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை தானே வளர்கிறது என்பது. நாற்று வேறிடத்திலிருந்து வருவதில்லை. விதைக்குள் இருந்ததுதான் நாற்றாயிற்று. சோளம் விதைத்தவன் கம்பு அறுக்க முடியாது. கதையில் சிங்கப்பூர் மாமா வந்து இறங்கும்போது வாசகர் முகத்தைச் சுளிப்பது இதனால்தான். அவர் இந்த வயலில் முளைத்தவரல்லர்.

இளங்கோவடிகளின் காவியத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். நடக்கப் போவது இன்னதென்று பதிகத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் கொலையுண்பான், மதுரை எரியும் என்பது முன்பே தெரிந்தும் நாம் நெஞ்சு பதைக்கப் படிக்கிறோம். ஆகையால் கதையின் சுவை, முடிவை ஒளித்து வைப்பதில் மட்டும் இல்லை. முடிவு எவ்வாறு தவிர்க்க முடியாததாக ஆகிறது என்று காட்டுவதிலும் இருக்கிறது. பொருளெல்லாம் இழந்து வந்த கணவனிடம், சிலம்புகள் இருக்கின்றன, கொள்ளுங்கள் என்று கண்ணகி சொல்கிறாள். வித்து அது. அந்தச் சிலம்புக்குள் மாணிக்கப் பரல். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். கோவலன் குற்றமற்றவன் என்பதற்கு வேண்டிய சாட்சியம் அந்தச் சிலம்புக்குள்ளேயே இருந்தது. மதுரைக்கு நடந்து போன நாள்களெல்லாம் அது அவர்களுடனேயே சென்றது. உடைத்துப் பார்ப்பாரில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் கதையமைப்பின் நடு முடிச்சு இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். துன்பக் கதைகள் பலவற்றுக்கும் நடுவில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. பாண்டியன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், 'அந்தச் சிலம்பின் பரல் என்ன?' என்று விசாரித்திருந்தால், காவியம் அங்கேயே நின்றிருக்கும். சாதாரண எழுத்தாளன் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விடுவான். வாசகரோ, "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இதெல்லாம் ஒரு கதையா?" என்று புஸ்தகத்தை மூடிவிடுவார். இளங்கோவடிகள் என்ன செய்தார்? ஆடல் மகளிரின் ஆட்டத்தில் அரசன் லயித்திருந்ததைக் கண்டு அரசி ஊடல் கொள்கிறாள். தலைநோவு என்று காரணம் சொல்லி எழுந்து போகிறாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் விரைகிறான். பொற்கொல்லன் அவனைச் சந்திப்பது அந்தத் தருணத்தில். அரசியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி, அவள் கோபத்தைத் தணிக்க வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தவன் காதில் எப்படி விழுந்திருக்கும்! அவன் கொடியவனல்லன், அவசரக்காரனும் அல்லன், அந்த ஒரு கணத்தில் கேட்க முடியாதவன். கேள்வி கேட்கப்படாததற்கு மனித சுபாவத்திலிருந்தே ஒரு காரணத்தைக் கவி பயிராக்கி வைத்திருக்கிறார்.

இதில் தற்செயல் இல்லையா என்று கூர்மையான வாசகர் ஒருவர் கேட்கலாம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் போய்ச் சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் இதற்கு ஒரு விதி சொல்லலாம். துன்பத்தை உண்டாக்கும் தற்செயலை வாசகர் மன்னிப்பார். வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கிறது என்று ஒப்புக்கொள்வார். துன்பத்தைத் தீர்த்து வைக்கும் தற்செயலை மட்டும் அவர் மன்னிப்பதில்லை. மழை எதிர்பாராமல் பொய்க்கலாம். ஆனால் உழாத நிலத்தில் எதிர்பாராமல் நெல் விளையாது.

இனி, நம் பக்கத்துக்கே வருவோம். கன்னிவாடிக்குத் தெற்கே வத்தலக்குண்டு இருக்கிறது. தமிழ் நாவலின் சரித்திரத்தில் அந்த ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1872-ல் அங்கே பிறந்த ராஜம் ஐயர், 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 1893 முதல் 1895 வரையில் ஒரு தொடர்கதை எழுதினார். ஆரம்பித்தபோது அவருக்கு வயது 21. 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது அதன் முழுப் பெயர். 1896-ல் புஸ்தகமாக வந்தது. பிறகு அவர் 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராகி, 1898-ல் 26-ஆம் வயதிலேயே காலமானார்.

தலைப்பையே கவனியுங்கள். 'ஆபத்துக்கிடமான அபவாதம்.' கதையின் வித்து அட்டையிலேயே ஊன்றப்பட்டிருக்கிறது. சிறுகுளம் என்ற கிராமத்தில் முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் சீரும் சிறப்புமாக வாழ்கிறார்கள். ஊர் வம்பு, கல்யாணக் கோலாகலம், தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் வேடிக்கைகள் எல்லாம் முதற் பாகத்தில் கண் முன்னே நடமாடுகின்றன. அதன் பின் இடி மேல் இடியாகத் துன்பங்கள் வருகின்றன: குழந்தை காணாமற் போகிறது, செல்வம் அழிகிறது, கடைசியில் கமலாம்பாளின் மேல் அபவாதம் கிளம்புகிறது. அந்த வரிசையை நாம் மறக்கக் கூடாது. முதல் அத்தியாயத்திலேயே அபவாதம் வந்திருந்தால் முத்துஸ்வாமி ஐயர் சிரித்துத் தள்ளியிருப்பார். எல்லாவற்றையும் இழந்து மனம் இற்றுப்போன பிறகு அது வந்ததால்தான், அவர் வீட்டைத் துறந்து போகிறார். பாண்டியன் கேளாத கேள்வியைப் போன்றதே இதுவும். கதையமைப்பு என்பதில் பெரும் பகுதி, எது முன், எது பின் என்ற இந்த வரிசையே.

ஆனாலும் இந்த நாவலின் பிற்பாதி முற்பாதியைப் போல இல்லை என்று படித்தவர் பலர் உணர்கிறார்கள். கிராமமும் அதன் மனிதர்களும் பின்னே போய்விட, யாத்திரையும் குருவும் வேதாந்தமும் முன்னே வருகின்றன. ஓர் ஆத்மா அலைந்து துன்புற்று அமைதி அடைவதைக் காட்டுவதே தம் நோக்கம் என்று ஆசிரியரே நூல் முடிவில் கூறுகிறார். ஆகவே, திட்டமில்லாமல் அவர் எழுதினார் என்று சொல்ல இடமில்லை. போய்ச் சேர வேண்டிய ஊர் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் விதைத்த வயல் ஒன்று, அறுத்த வயல் வேறொன்று. சிறுகுளத்தில் அவ்வளவு செழிப்பாக முளைத்த வம்பும் பொறாமையும் சிறுகுளத்திலேயே முற்றித் தலை சாய்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் நமக்கு உண்டாகிறது. இருபத்தோரு வயது இளைஞர், பாதை அதிகம் இல்லாத காட்டில் வண்டியை ஓட்டியவர் என்பதை நினைத்தால், அந்த ஏக்கத்தோடு வியப்பும் சேர்ந்துகொள்கிறது.

அந்த ஏக்கத்தைத் தீர்க்க வந்தாற்போல அதே வத்தலக்குண்டைச் சேர்ந்த சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959-ல் நூலாக வெளிவந்தது. சிறிய புஸ்தகம். காரி என்ற காளையினால் தகப்பனை இழந்த பிச்சி, அந்தக் காளையை அடக்குவதற்கென்றே ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். காளையோ ஜமீன்தாருடைய கௌரவம். வித்து அதே வாடிவாசலில் விழுகிறது, பயிர் அங்கேயே வளர்கிறது, பிச்சி வெல்கிறான், தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டு வீழ்த்துகிறார். துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. ஜமீன்தாரின் கௌரவம் எப்படிப்பட்டது என்று முதலிலிருந்தே தெரிந்துவிட்டதால், அந்த முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்தாலும் அந்நியமாகப் படுவதில்லை. விதைத்த வயலிலேயே அறுத்த கதை அது.

இத்தனையும் கேட்ட வாசகர், "சரி ஐயா, நாங்கள் எப்படித் தொடங்குவது?" என்று கேட்பார். ஒரு சிறு கதையை இங்கேயே சேர்ந்து அமைத்துப் பார்க்கலாம். எல்லாம் கற்பனைதான், யாரும் தம்மைக் குறிப்பதாக எண்ண வேண்டாம்.

அண்ணன், தம்பி இருவர். பாகம் பிரிந்த பின்னும் கிணறு பொது. நாள் விட்டு நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். தம்பி தன் மனைவியைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எட்டு நாள் அங்கேயே தங்கிவிடுகிறான். திரும்பி வந்ததும் ஊரார், "உன் முறையில் இரவெல்லாம் மோட்டார் ஓடியது, உன் அண்ணன்தான் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தான்" என்று சொல்கிறார்கள். தம்பி வக்கீலைத் தேடிப் போகிறான். உண்மையில் அண்ணன் பாய்ச்சியது தம்பியின் தக்காளி நாற்றங்காலுக்கு.

நிகழ்ச்சி கிடைத்துவிட்டது. ஆனால் இன்னும் கதை ஆகவில்லை. "அண்ணா, ஏன் மோட்டார் போட்டாய்?" என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும். ஏன் கேட்கவில்லை? இதற்கு விடை கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன், தகப்பனார் அடகு வைத்த நகையைப் பற்றித் தம்பி விசாரித்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த சம்பந்திகளின் முன்னிலையில் அண்ணன், "என்னிடமா கணக்குக் கேட்கிறாய்?" என்று இரைந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அன்று முதல் தம்பி அவனிடம் எதையும் கேட்பதில்லை. அண்ணனுக்கும் அன்றைய வார்த்தை உள்ளே முள்ளாய்த் தைக்கிறது. அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இரவில் கண் விழித்தான். செய்த உதவியைச் சொல்லிக் காட்டினால் பிராயச்சித்தம் எங்கே நிற்கும்? ஆகவே அவனும் வாய் திறப்பதில்லை. இப்போது இருவருடைய மௌனத்துக்கும் வேர் கிடைத்துவிட்டது. அந்தப் பந்திக் காட்சிதான் முகம். கதை அங்கேயே தொடங்க வேண்டும்.

அடுத்தது, உண்மை எப்படி வெளிப்படுவது? வழிப்போக்கர் ஒருவர் வந்து சொல்லிவிட்டால் அது சிங்கப்பூர் மாமாவின் தம்பிதான். சிலம்பின் பரலைப் போல, சாட்சியம் முதலிலிருந்தே கண்ணெதிரில் இருக்க வேண்டும். எட்டு நாள் வெயிலில் வாடியிருக்க வேண்டிய நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நிற்கிறது. தம்பி அதைப் பார்க்கிறான். குடத்தால் தண்ணீர் ஊற்றும்படி ஒரு பையனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்ததால், அவன் வேலை என்று நினைத்துக் கூலி கொடுக்கிறான். பையன் கை நீட்டத் தயங்குகிறான். தம்பி அதைக் கூச்சம் என்று எண்ணி, காசை அவன் சட்டைப்பையில் திணிக்கிறான். இது பிரதிமுகம். வழக்கு மூள்வதும், உறவு இரண்டாவதும், அண்ணி எழுதிப் பாதியில் கிழித்துப் போட்ட கடிதமும் கருப்பம். வாய்தாவுக்குப் புறப்படும் காலையில் அந்தப் பையன் வந்து, வாங்கிய காசைத் திண்ணையில் வைத்துவிட்டு நிற்பது விளைவு. அப்புறம் தம்பி என்ன செய்கிறான் என்பது துய்த்தல். அண்ணன் காலில் விழ வேண்டும் என்பதில்லை. அன்று இரவு அண்ணனுடைய முறையில் போய், மண்வெட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் மடை மாற்றினால் போதும். வாசகர் மனத்தில் கதை நிறைந்துவிடும்.

இதிலிருந்து சில குறிப்புகளைத் திரட்டிக்கொள்ளலாம். எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் ஐந்து நிலைகளையும் ஐந்து வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே 'ஆகையால்' என்ற சொல்லைப் போட்டுப் படியுங்கள். அது பொருந்தாமல் 'அப்புறம்' என்றுதான் வருகிறதென்றால் அங்கே வேர் அறுந்திருக்கிறது. கேட்கப்படாத கேள்வி எது, ஏன் கேட்கப்படவில்லை என்பதைத் தனியாக எழுதி வையுங்கள். முடிவுக்கு வேண்டிய பொருள் ஒன்றையாவது முதற் பக்கத்தில் யாரும் அறியாமல் ஊன்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, எழுதும் வேகத்தில் ஒரு பாத்திரம் உங்கள் திட்டத்துக்கு அடங்காமல் வேறு வழியில் நடக்கத் தொடங்கினால், பயப்படாதீர்கள். எந்தக் குடியானவனும் பயிரைப் பார்த்துத்தான் களை எடுக்கிறான். பஞ்சாங்கத்தைப் பார்த்து மட்டும் எடுப்பதில்லை. தாளைத் திருத்தி எழுதிக்கொண்டு மேலே செல்லுங்கள்.

இன்னும் ஒரு வார்த்தை. இப்படி ஒரு கதையை அமைத்துப் பழகியவர்களுக்குப் பத்திரிகையில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு லாபம் நிச்சயம் உண்டு. மனிதர்கள் ஏன் வாய் மூடி இருக்கிறார்கள் என்று அவர்கள் யோசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கதையில் கேட்கப்படாத கேள்வி காவியமாக விளைகிறது. வீட்டிலோ அது பாகப்பிரிவினையாகவும் வழக்காகவும் விளைகிறது. ஆகையால் கதாபாத்திரங்களைக் கேட்காமல் இருக்க விடுங்கள். உங்கள் அண்ணனையோ மனைவியையோ பிள்ளையையோ இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.